பெப்பாவா, புளூயியா, டோராவா? வீட்டு இங்கிலீஷுக்கு எந்தக் கார்ட்டூன்

கார்ட்டூன் போட்டுவிட்டால் பிள்ளைக்கு இங்கிலீஷ் தானாக வந்துவிடும் என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கம் நிறையப் பேர் நம்புகிறார்கள். ஓரளவுக்கு வரத்தான் செய்யும். ஆனால் எதைப் போடுகிறோமோ அதற்கேற்ற இங்கிலீஷ்தான் வரும். சண்டைக் கார்ட்டூனை இங்கிலீஷில் ஓடவிட்டால் பிள்ளை ‘அட்டாக்’ என்று கத்தப் படித்துக்கொள்ளும். தண்ணீர் சிந்திவிட்டது என்று சொல்லத் தெரியாமலே இருக்கும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இங்கிலீஷ் ஒன்றும் புதிதில்லை. பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்றே பெயர். 1820இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் வந்து இறங்கிய காலத்திலிருந்து மிஷன் பள்ளிக்கூடங்கள், பிறகு சாராள் தக்கர், ஜான்ஸ், சேவியர்ஸ் என்று கல்லூரிகள். பேப்பர் படிக்கிற இங்கிலீஷ், பரீட்சை எழுதுகிற இங்கிலீஷ் இங்கே தலைமுறையாக உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ‘போட்டோசிந்தசிஸ்’ என்பதை எழுத்துப் பிழையில்லாமல் எழுதிவிடும். குழாய் ஒழுகுகிறது, பால் பொங்கிவிட்டது, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறாய், செருப்பை மாற்றி மாட்டியிருக்கிறாய் என்று சொல்லச் சொன்னால் முழிக்கும். இந்தச் சின்னச் சின்ன வினைச்சொற்கள் எந்தக் கேள்வித்தாளிலும் வருவதில்லை. எடு, வை, மாட்டு, கழற்று, சிந்து, துடை, ஒதுங்கு, சீக்கிரம் வா என்று ஒரு வீட்டுக்குள் நாள் முழுக்கப் புழங்குகிற சொற்கள் அவை. கார்ட்டூனிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். அதனால் நான் எதையும் முதலில் ஒரே கேள்வி கேட்டுத்தான் எடைபோடுவேன்: அந்தக் கார்ட்டூனுக்குள் ஒரு வீடு இருக்கிறதா?

இந்தக் கேள்வி எனக்கு மைனியால் வந்தது; அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். முக்கூடல் பக்கம் இருக்கிறார்கள், பீடி சுற்றுகிறவர்கள். மகள் ஒன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். வீட்டிலும் பிள்ளையிடம் இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். “தம்பி, எனக்கே வராது. நான் எங்க போயி பேச? டிவியில எதப் போடணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க” என்றார்கள். இப்படிச் சொல்லி அனுப்புகிற பள்ளிக்கூடங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு; தமிழில் நன்றாகப் பேசிப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழி ஏறுவதில் சிரமமே இல்லை. அது இருக்கட்டும். வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் பேச வராது, டிவியும் போனும் இருக்கிறது, பிள்ளைக்கு ஐந்தாறு வயது. எங்கள் பக்கத்துப் பாதி வீடுகளின் நிலைமை இதுதான் என்பதால் இதையே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என் தேர்வு பெப்பா பிக். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. ஒரு கதை ஐந்து நிமிடம். அப்பா, அம்மா, அக்கா, தம்பி என்று ஒரு பன்றிக் குடும்பம். முதல் கதையே மழை நாள். மழை பெய்வதால் பெப்பாவும் ஜார்ஜும் வெளியே விளையாட முடியாது என்று கதை சொல்லும் குரல் சொல்கிறது. மழை விடுகிறது. சேற்றுத் தண்ணீரில் குதிக்க வேண்டுமானால் பூட்ஸ் போட வேண்டும் என்கிறாள் அம்மா. அக்கா அதையே தம்பியிடம் போய், தான்தான் பெரிய மனுஷி என்கிற தோரணையில் திருப்பிச் சொல்கிறாள். குதித்துவிட்டுச் சேறும் சகதியுமாக வீட்டுக்குள் ஓடி வருகிறார்கள். நீங்கள் என்ன செய்துவிட்டு வந்தீர்கள் என்று நான் கண்டுபிடிக்கிறேன் பார் என்கிறார் அப்பா. டிவி பார்த்தீர்களா? இல்லை. குளித்தீர்களா? இல்லை. தெரிந்துவிட்டது, சேற்றில் குதித்துவிட்டு வந்திருக்கிறீர்கள்! ஆமாம்!

இதைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பாருங்கள். ஒரே வாக்கிய அமைப்பு, ‘ஹேவ் யூ’ என்று தொடங்குகிறது, அடுத்தடுத்து வருகிறது. ஒவ்வொரு தடவையும் பொருள் மட்டும் மாறுகிறது, பதில் படத்திலேயே இருக்கிறது. பள்ளியில் பிரசென்ட் பெர்பெக்ட் என்று கரும்பலகையில் எழுதி மாதக்கணக்கில் நடத்துகிற பாடம் இது. இங்கே அப்பா பிள்ளையைக் கிண்டல் பண்ணுகிற நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ‘மட்டி படில்ஸ்’, அதாவது சேற்றுக் குட்டைகள், என்ற சொல் மட்டும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினால் உங்களுக்கே அலுத்துவிடும். பிள்ளைக்கு அலுக்காது, திரும்பத் திரும்பக் கேட்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள்.

பெப்பாவில் இன்னொரு சௌகரியத்தை மைனி வீட்டில்தான் கவனித்தேன். மடியில் சுளகு. இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டுகிற கை நிற்காது. கண்ணும் சுளகை விட்டு அதிகம் எழும்பாது. காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. அப்படி இருக்கிறவர்களுக்குப் படத்தை நம்பி ஓடுகிற கார்ட்டூன் பயன்படாது. பெப்பாவில் கதை சொல்லும் குரல் ஒன்று இருப்பதால் திரையில் என்ன நடக்கிறது என்பது காதிலும் விழுந்துகொண்டே இருக்கிறது: இப்போது மழை, இப்போது சாப்பாட்டு நேரம், இப்போது காரில் போகிறார்கள். நிமிர்ந்து பார்க்காமலே மைனி கேட்டார்கள், “ஏட்டி, பூட்ஸ் போடச் சொல்லுதாளோ அவ அம்மை?” மகள் சொன்னாள், “ஆமாம்மா, சேறால்லா கெடக்கு.” அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரு சொல் விளங்கிவிட்டது. பீடி சுற்றுகிறவர்களுக்கு மட்டும் என்றில்லை, தையல் மெஷினில் இருக்கிறவர்களுக்கும், அடுப்படியில் நின்றபடி காதைக் கொடுக்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

குறையும் உண்டு. பெப்பா காட்டுவது அவர்கள் ஊர் வாழ்க்கை. கடைக்குப் போகிற கதை ஒன்றில் தக்காளி, ஸ்பகெட்டி, வெங்காயம், பழம் என்று நான்கு சாமான் பட்டியல். தள்ளுவண்டியில் எடுத்துப் போட்டுக்கொண்டு போய்ப் பணம் கட்டுகிற இடத்தில் நிற்கிறார்கள். பட்டியலில் இல்லாத சாக்லேட் கேக்கைப் போட்டவர் அப்பா என்று தெரிகிறது. சிரிக்கலாம், நான்கைந்து சொல் படிக்கலாம். ஆனால் விலை கேட்பது, குறைத்துக் கேட்பது, மீதிச் சில்லறை வாங்குவது எதுவும் அதில் கிடையாது. பெப்பா தருவது வீட்டார் வீட்டாரோடு பேசுகிற பேச்சு. வெளியாள் ஒருவரிடம் பேச அது போதாது. அப்புறம், அப்பாவை ‘ஸில்லி டாடி’ என்று சொல்வது பெப்பாவுக்கு வழக்கம். அதை நம் பிள்ளை தாத்தாவிடம் எடுத்துவிட்டால் ஆச்சி சும்மா விடமாட்டாள். இங்கிலாந்து, அமெரிக்காவிலேயே பெப்பாவின் வாய்த்துடுக்கைப் பற்றிக் குறைப்படுகிற பெற்றோர் உண்டு என்பதால் நம் ஆச்சிமாரைக் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்தது புளூயி. ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் நகரத்து ஸ்டூடியோ ஒன்று 2018இல் தொடங்கியது. ஏழு நிமிடக் கதை. இதிலும் குடும்பம்தான், நாய்க் குடும்பம்: அப்பா பாண்டிட், அம்மா சில்லி, பெண்கள் புளூயி, பிங்கோ. கார்ட்டூன் என்ற அளவில் பார்த்தால் பெப்பாவை விட இது பல படி மேலே. ஓட்டல் வாசலில் பார்சலுக்காக ஐந்து நிமிடம் காத்திருப்பதையே ஒரு முழுக் கதையாக்கியிருக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குள் அப்பன் படுகிற பாட்டைப் பார்த்தால் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் இங்கிலீஷ் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதல் கார்ட்டூனாக நான் இதைச் சொல்லமாட்டேன். பேச்சு வேகம். ஒருவர் பேசி முடிக்கும் முன் அடுத்தவர் குறுக்கே விழுகிறார். பாதி நகைச்சுவை சொல்லாமல் விட்டதில் இருக்கிறது, கதை சொல்லும் குரலும் கிடையாது. மேலும் காலைச் சாப்பாட்டை ‘பிரெக்கி’, மதியத்துக்கு மேலான நேரத்தை ‘ஆர்வோ’ என்று சுருக்கிப் பேசுவது ஆஸ்திரேலிய வழக்கம்; தொடக்கத்திலேயே அது காதில் விழுந்தால் பிள்ளை குழம்பிப் போகும்.

புளூயி பெரியவர்களுக்கானது என்பது என் கட்சி. கல்லூரி முடித்து, பெருமாள்புரத்திலோ வண்ணார்பேட்டையிலோ ரூம் எடுத்துத் தங்கி, கங்கைகொண்டான் ஐடி பார்க்கிலோ சென்னையிலோ வேலை தேடுகிற பிள்ளைகளைச் சொல்கிறேன். அவர்களுக்கு இங்கிலீஷ் படித்தால் புரியும், காதில் விழுந்தால் நழுவிவிடும். அந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஹாலிவுட் படம் நீளம், செய்தி சேனல் வறட்சி. புளூயியில் அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் பேசிக்கொள்வது களைத்துப்போன மனிதர்களின் இயல்பான பேச்சு: நீ கூட்டிக்கொண்டு போ, எனக்கு முதுகு வலிக்கிறது, இன்னும் பத்து நிமிடம் விடு. இதை இங்கிலீஷ் சப்டைட்டிலோடு பார்க்க வேண்டும். தமிழ் சப்டைட்டில் கிடைத்தாலும் போடாதீர்கள். கண் தமிழில் போய் உட்கார்ந்துகொண்டால் காது வேலையை நிறுத்திவிடும். பேசுகிற மொழியிலேயே திரையில் எழுத்து ஓடினால் படிப்பு வருகிறது என்பதை 1990களிலிருந்து நம் நாட்டிலேயே செய்து காட்டியவர் அகமதாபாத் ஐஐஎம்மில் இருந்த பிரிஜ் கோத்தாரி. அவர் எடுத்துக்கொண்டது டிவியில் வரும் சினிமாப் பாட்டு. நமக்குக் கார்ட்டூன், அவ்வளவுதான். யூடியூபில் வேகத்தை 0.75க்குக் குறைத்தும் பார்க்கலாம். குரல் கொஞ்சம் இழுவையாகக் கேட்கும், பழகிவிடும்.

டோராவை விட்டுவிட்டு எங்கள் பக்கம் யாரும் இந்தப் பேச்சைப் பேச முடியாது. சுட்டி டிவி 2007இல் வந்தபின் தமிழ் பேசிய டோராவும் புஜ்ஜியும் கிட்டத்தட்ட நம் தெருப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். ‘குள்ளநரி திருடக்கூடாது’ என்பதைச் சொல்லாத பிள்ளை உண்டா? மூலத்தில், 2000இல் அமெரிக்காவில் தொடங்கியபோது, டோரா இங்கிலீஷ் பேசிக்கொண்டே இடையிடையே ஸ்பானிஷ் சொல் கற்றுக்கொடுத்தாள். தமிழுக்கு வந்தபோது பேச்சு தமிழாகி, கற்றுக்கொடுக்கிற இடத்தில் இங்கிலீஷ் உட்கார்ந்தது. கேட்டுவிட்டுத் திரையிலிருந்து நம்மையே பார்த்துக்கொண்டு பதிலுக்கு நிற்பாள் பாருங்கள், அந்த உத்தி நல்ல உத்தி. பிள்ளை வாயைத் திறந்தே ஆக வேண்டும். கதை புரியாமல் போகிற பயமும் இல்லை. ஆனால் வருவது ஒற்றைச் சொற்கள்: நிறம், எண், மேலே, கீழே, குதி. மூன்று வயதுக்கு அது போதும், ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குப் போதாது. அதுவும் டோரா வீட்டில் இருக்கிற ஆளா? வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு காடு, பாலம், மலை என்று போய்க்கொண்டே இருப்பவள். சமையலறையில் அவளுக்கு என்ன வேலை!

பொக்கோயோ என்று ஒன்று இருக்கிறது, எங்கள் பக்கம் அவ்வளவாகத் தெரியாது. ஸ்பெயினில் 2005இல் தொடங்கியது. நீல உடை போட்ட ஒரு சின்னப் பையன், பின்னணி முழுக்க வெள்ளை, திரையில் ஒன்றிரண்டு பொருள் மட்டும். இங்கிலீஷ் வடிவத்தில் கதை சொல்லும் குரல் தெளிவாக, நிதானமாக, அந்தப் பையனோடேயே பேசிக்கொண்டு வரும். சொற்கள் குறைவு. பெப்பாவே வேகமாக இருக்கிறது என்று படுகிற வீடுகள் இங்கே தொடங்கலாம். நான்கைந்து வாரத்தில் பிள்ளை தாண்டிப் போய்விடும். மைனி வீட்டுக்கு நான் இதைச் சொல்லாததற்குக் காரணம் பிள்ளைக்கு வயது கூடிவிட்டது என்பதுதான்.

பிள்ளைகளுக்கான இங்கிலீஷ் பாட்டுச் சேனல்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ராகம் மனதில் நிற்கும், சொல் நிற்காது. பிள்ளை முழுப் பாட்டையும் பாடும். நடுவில் ஒரு சொல்லை எடுத்து இதற்கு எதைக் காட்டுவாய் என்று கேட்டால் அடுத்த வரியைப் பாடும். படம் படபடவென்று மாறிக்கொண்டே இருப்பதால் பிள்ளை கண்ணை எடுக்காமல் பார்க்கிறது, பெரியவர்கள் அதைப் படிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சோட்டா பீம் நம் நாட்டுச் சரக்கு, ஹைதராபாத்தில் எடுக்கிறார்கள், 2008 முதல் வருகிறது. இங்கிலீஷில் போட்டாலும் உச்சரிப்பு நமக்குப் பழகின மாதிரி இருக்கும், லட்டும் இருக்கும். கதை என்னவோ அடிதடிதான்.

டாம் அண்ட் ஜெர்ரிக்குத் தனி இடம் கொடுப்பேன். 1940இலிருந்து ஓடுகிறது, பேச்சே கிட்டத்தட்டக் கிடையாது. கேட்டுப் படிக்க அதில் ஒன்றும் இல்லை என்பதே அதன் லாபம். பெப்பாவில் கொஞ்சம் சொல் சேர்ந்த பிள்ளையை இதற்கு முன்னால் உட்கார வைத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். டாம் ஓடுகிறான், விழுகிறான், வால் கதவில் மாட்டிக்கொள்கிறது, தட்டு உடைகிறது. அது ஒரு வீடும்கூட, அடுப்படி முழுக்கச் சாமான். சேர்த்து வைத்த வினைச்சொற்கள் வாய்க்கு வருகிறதா என்று தெரிந்துவிடும். தப்பும் தவறுமாகத்தான் வரும். அந்த நேரத்தில் திருத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் பதிலாக ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்கு அனுப்பிவிடலாமே என்பவர்கள் உண்டு. ஜங்ஷன் தொடங்கி மகாராஜநகர் வரைக்கும் போர்டு இல்லாத தெரு குறைவு. பெரியவர்களுக்கு, அதுவும் இண்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு, அது தேவைதான். முன்பின் தெரியாத ஆளிடம் தன்னைப் பற்றிச் சொல்கிற பேச்சை எந்தக் கார்ட்டூனும் தராது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வீண் செலவு. அங்கேயும் ‘மை நேம் இஸ்’ தொடங்கி நான்கு வரியை மனப்பாடம் பண்ண வைத்து, விருந்தாளி வந்தால் ஒப்பிக்கச் சொல்கிறார்கள்.

எதைத் தேர்ந்தாலும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். இதை நான் என் கருத்தாக மட்டும் சொல்லவில்லை. 2003இல் அமெரிக்காவில் பட்ரீஷியா குல் என்பவரின் குழு ஒன்பது மாதக் குழந்தைகளிடம் செய்த சோதனை பெயர்பெற்றது. சீன மொழி பேசுகிற ஆள் நேரில் வந்து விளையாடிப் பேசியபோது அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்ற குழந்தைகள், அதையே வீடியோவில் காட்டியபோது ஒன்றும் கற்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை அந்த அளவுக்கு மோசமில்லை, திரையிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் பக்கத்தில் ஆள் இருந்தால் எடுப்பது கூடும். அந்த ஆளுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மைனி மாதிரி, என்ன சொல்லுதா அவ, என்று கேட்கத் தெரிந்தால் போதும். இரண்டு வயது ஆகாத குழந்தைக்கு எந்தக் கார்ட்டூனும் வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் அதுதான். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது அந்த அறிவுரை.

கிடைக்கிற வழி பற்றி இரண்டு வார்த்தை. பல பிள்ளைகள் சேனல்களில் ஒரே நிகழ்ச்சி தமிழ், தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் என்று பல குரலில் வருகிறது. ரிமோட்டில் மொழியை மாற்றுகிற பட்டன் இருக்கும், பல வீடுகளில் அதை யாரும் தொட்டதே இல்லை. முதலில் அதை அமுக்கிப் பாருங்கள். யூடியூபில் போடுவதானால் கவனம் வேண்டும். பெப்பா உருவத்தை வைத்துக்கொண்டு கண்டவர்கள் கண்டபடி எடுத்துப் போட்ட பயங்கர வீடியோக்கள் 2017இல் பெரிய பிரச்சினையாகி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதிகாரபூர்வச் சேனலைத் தேடிப் பிடித்து, ஐந்து நிமிடத் தனிக் கதையாக எடுத்துப் போனில் இறக்கி வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரத் தொகுப்பாகப் போட்டால் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும், கேட்பதை எப்போதோ நிறுத்தியிருக்கும்.

ஒரு வாரத்துக்கு ஒரே கதை போதும். தினமும் புதிது கேட்பது நாம்தான், பிள்ளையில்லை. நோட்டுப் போட்டுச் சொல் எழுத வைக்காதீர்கள், அர்த்தம் கேட்டுக் குடையாதீர்கள். செருப்பு மாட்டும்போது ‘புட் ஆன்’, பள்ளி விட்டு வந்து சாக்ஸைக் கழற்றும்போது ‘டேக் ஆஃப்’, சாமானை எடுத்து வைக்கும்போது ‘புட் இட் அவே’ என்று அந்தந்தக் காரியத்தோடு ஒரு சொல் விழுந்தால் அது ஒட்டிக்கொள்ளும். கதையை எப்போது மாற்றுவது என்றால், படத்தில் சிரிப்பு வருவதற்கு முன்னாலேயே பேச்சைக் கேட்டுப் பிள்ளை சிரிக்கத் தொடங்குகிறதா என்று பாருங்கள். சிரித்தால் அடுத்த கதைக்குப் போகலாம்.